அரிச்சுவடி தேடும் மாணவருக்கு

கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடுவதற்கென்று மனிதர் வகுத்துக்கொண்ட நிரல்மொழிகள் பல நூறு. அவற்றுள் பைதான், ஜாவா, சி முதலிய சிலவே உலகெங்கும் பெருவழக்காகி, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ஸ்தானம் பெற்று, கற்க விரும்புவோருக்கு வேண்டியதற்கு மேலாகவே நூல்களையும் வகுப்புகளையும் வீடியோப் பாடங்களையும் அளிக்கின்றன. ஏனையவை, ஒரு குறிப்பிட்ட காரியத்தை உத்தேசித்துப் பிறந்து, அக்காரியத்தை அறிந்த ஒரு சிறு கூட்டத்தாரிடையே வழங்கி, வெளியுலகின் கவனத்தைக் கோராமலே தம் பணியைச் செய்துவருபவை. இத்தகைய சிறு மொழி ஒன்றைக் கற்கவேண்டும் என்ற ஆவல், தொழிலின் நிர்ப்பந்தத்தாலோ அறிவின் தாகத்தாலோ ஒருவருக்கு உண்டாகுமானால், மொழியின் கடினத்தைச் சந்திப்பதற்கு முன்பாகவே, அதைத் தமக்குச் சொல்லித் தரக்கூடிய நூல் எது என்று தெரியாமல் தவிக்கும் சிரமத்தை அவர் சந்திக்க நேரிடுகிறது.

அம்மொழிகளைப் பற்றி ஒன்றுமே எழுதப்படவில்லை என்று எண்ணிவிடலாகாது. எழுத்து நிறையவே உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி, அறிந்தவர் அறிந்தவருக்காக எழுதியது. இலக்கணம் வகுத்தோர் தம்முள் ஒப்புக்கொண்ட தர நிர்ணய ஏடுகள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி விளக்கம் தரும் சொல்லடைவுகள், நுட்பமான ஒரு பிரச்சினையைத் தீர்த்த அநுபவசாலியின் கட்டுரைகள் ஆகிய இவற்றின் நடுவே, முதல் அடியை எங்கே எடுத்துவைப்பது என்று கேட்கும் மாணவருக்கு விடை சொல்லும் ஏடு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த ஒன்றிரண்டைக் கண்டுபிடிக்கும் முறை யாது என்பதை, ஃபோர்த் என்னும் மொழியை உதாரணமாக வைத்துக்கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வானத்தைப் பார்த்தவர்களின் மொழி

ஃபோர்த்தைப் படைத்தவர் சார்ல்ஸ் மூர் என்னும் அமெரிக்கர். ஆராய்ச்சி நிலையங்களிலும் வியாபார நிறுவனங்களிலும் பணியாற்றிய காலத்தில், தம் சொந்த வசதிக்காகச் சிறுகச் சிறுக அவர் சேர்த்துவந்த நிரற்கருவிகளின் தொகுதியே 1968-ஆம் ஆண்டளவில் ஒரு தனி மொழியாக உருப்பெற்றது. 1970களின் தொடக்கத்தில், அமெரிக்க தேசிய ரேடியோ வானியல் நிலையத்தார் அரிசோனா மாநிலத்தின் கிட் சிகரத்தில் நிறுவியிருந்த 11 மீட்டர் தொலைநோக்கியை இயக்கவும், அது திரட்டிய தகவல்களை வானியலாருக்கு உடனுக்குடன் காட்டவும் இம்மொழி பயன்பட்டது. அக்காலத்துச் சிறு கம்ப்யூட்டர்களின் நினைவகம் மிகச் சிறியதே. அத்தனை குறுகிய இடத்தில் ஒரு முழு மொழியும், அதைக் கொண்டு எழுதிய நிரலும், அந்நிரலை அங்கேயே திருத்திப் பரிசோதிக்கும் வசதியும் ஒருங்கே அடங்கின என்பதே ஃபோர்த்தின் பெருமை.

1973-இல் மூரும் அவருடைய சக ஊழியரான எலிசபெத் ராதரும் சேர்ந்து ஃபோர்த் இன்கார்ப்பரேட்டட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். 1982-இல் இங்கிலாந்தில் ஜூபிடர் ஏஸ் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர், அக்காலத்தில் எங்கும் வழங்கிய பேஸிக் மொழியை விடுத்து ஃபோர்த்தையே தன் தாய்மொழியாகக் கொண்டு வெளிவந்தது. பின்னர், சன் நிறுவனத்தின் பணிநிலையங்களும் ஒரு தலைமுறை ஆப்பிள் மக்கின்டாஷ் கம்ப்யூட்டர்களும், மின்சாரம் பாய்ந்தவுடன் விழித்தெழுந்து தம் உறுப்புகளைத் தாமே அறிந்துகொள்வதற்கான ஓபன் ஃபர்ம்வேர் என்ற ஆரம்ப நிரலில் ஃபோர்த்தை உள்ளடக்கியிருந்தன. 2014-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தின்மீது இறங்கிய ஃபிலே என்ற ஐரோப்பிய விண்கலத்தில், ஃபோர்த்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 2010 என்ற சில்லுகள் இருந்தன. இவ்வளவு தூரம் பயணம் செய்த ஒரு மொழியை, நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களிலும் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை.

அடுக்கும் அகராதியும்

இம்மொழியின் சுபாவத்தைச் சிறிதளவேனும் அறிந்துகொண்டால்தான், அதற்கு எத்தகைய நூல் வேண்டும் என்பது விளங்கும். மற்ற மொழிகள் பள்ளிக் கணக்கைப் போல 3 + 4 என்று எழுதச் சொல்லும். ஃபோர்த்தில் 3 4 + என்றே எழுதவேண்டும். அதாவது, எண்கள் முதலிலும் செய்யவேண்டிய செயல் பின்னரும் வரும். எண் ஒன்றைக் கண்டவுடன் ஃபோர்த் அதனை ஓர் அடுக்கின்மேல் வைக்கிறது. விருந்து வீட்டில் கழுவிக் கவிழ்த்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டும்போது மேலிருந்தே எடுப்பதை ஒத்த ஏற்பாடு இது. கூட்டற்குறியைக் கண்டதும் மேலே உள்ள இரண்டு எண்களை எடுத்துக் கூட்டி, விடையை மறுபடியும் அடுக்கின்மேல் வைக்கிறது. அதன்பின் ஒரு புள்ளியை இட்டால், 7 என்ற விடை திரையில் தோன்றி, 'ஓகே' என்ற சொல் அதன் அருகே நிற்கும்.

தமிழ் பேசுவோருக்கு இவ்வொழுங்கு அந்நியமானது அன்று. மூன்றையும் நான்கையும் கூட்டு என்று வினையைக் கடைசியில் வைத்துப் பேசுவதே நம் வழக்கம். ஃபோர்த்தின் நிபந்தனை வாக்கியத்திலும், நிபந்தனை முன்னே நிற்க, 'ஆல்' என்னும் நம் விகுதியின் ஸ்தானத்தில் 'இஃப்' என்ற சொல் பின்னே வருகிறது. மழை பெய்தால் என்று நாம் சொல்வதும் அந்த வரிசையிலேதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் தலைகீழ் என்று திகைக்கும் இடத்தில், தமிழ் மாணவர் தம் பேச்சின் ஒழுங்கையே காணலாம். எனினும் எந்த நூலும் இதை அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. அவரே கண்டுகொள்ள வேண்டும்.

இரண்டாவது விசேஷம், ஃபோர்த்தில் நிரல் எழுதுவது என்பது அதன் அகராதியில் புதிய சொற்களைச் சேர்ப்பதே என்பது. முன்னே ஒரு முக்காற்புள்ளியும் பின்னே ஓர் அரைப்புள்ளியும் இட்டு, அவற்றின் நடுவே ஒரு பெயரையும் அதன் பொருளையும் எழுதிவிட்டால், அப்பெயர் அந்தக் கணம் முதல் மொழியின் ஓர் அங்கமாகிவிடுகிறது. மூர் வகுத்த சொல்லுக்கும் நேற்றுக் கற்கத் தொடங்கிய மாணவர் வகுத்த சொல்லுக்கும் அந்தஸ்தில் பேதமில்லை. சிறு சொற்களால் பெருஞ்சொற்களை ஆக்கி, அவற்றால் இன்னும் பெருஞ்சொற்களை ஆக்கி, இறுதியில் ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் தொலைநோக்கி முழுவதும் திரும்பும்படி செய்வதே இம்மொழியில் காரியம் செய்யும் முறை.

ஒரே சொல்லுக்கு இரு விளக்கங்கள்

இனி நூல்களின் விஷயத்துக்கு வருவோம். ஃபோர்த்தில் 'ஸ்வாப்' என்று ஒரு சொல் உண்டு. அடுக்கின் மேலே உள்ள இரண்டு பொருள்களை இடம் மாற்றி வைப்பது அதன் தொழில். தர நிர்ணய ஏட்டைத் திறந்து பார்த்தால், அச்சொல்லுக்கு நேரே ( அ ஆ -- ஆ அ ) என்பதற்கு நிகரான ஒரு குறிப்பும், மேலுள்ள இரண்டும் இடம் மாறும் என்ற கருத்துள்ள ஒரு வாக்கியமும் மட்டுமே காணப்படும். இரண்டு சிறு கோடுகளுக்கு இடப்புறம் இருப்பது சொல்லுக்கு முன்பு அடுக்கின் நிலை, வலப்புறம் இருப்பது சொல்லுக்குப் பின்பு அடுக்கின் நிலை, ஒவ்வொரு புறத்திலும் வலக்கோடியில் இருப்பதே அடுக்கின் உச்சி என்ற பரிபாஷையை அறிந்தவருக்கு அந்த ஒரு வரியே போதும். அதற்கு மேல் ஓர் எழுத்தும் அவருக்கு வேண்டியதில்லை. அறியாதவருக்கோ அவ்வரி வெறும் கோலம். அன்றியும், அடுக்கின் மேலுள்ள இரண்டை ஏன் இடம் மாற்றவேண்டும், எந்தச் சந்தர்ப்பத்தில் அந்தத் தேவை எழும் என்ற வினாக்களுக்கு அவ்வேட்டில் விடை தேடுவது வீண். அவ்வினாக்கள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

ஆரம்ப நூலோ அதே சொல்லை வேறு வகையில் அறிமுகம் செய்யும். ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணைக் கழிக்கவேண்டிய கணக்கு ஒன்றை முதலில் கொடுக்கும். எண்கள் அடுக்கில் எதிர்வரிசையில் விழுந்துவிட்டதால் விடை தவறாக வருவதைக் காட்டும். என்ன செய்யலாம் என்று மாணவரை ஒரு கணம் நின்று சிந்திக்கச் செய்யும். அதன் பின்னரே 'ஸ்வாப்' என்ற சொல்லை அவர் கையில் கொடுக்கும். தேவை முன்னும் கருவி பின்னுமாக வரும் இந்தக் கிரமமே ஆரம்ப நூலின் முதல் லக்ஷணம்.

நூல்களில் இந்த இருவகையும் வேண்டியவையே. அகராதியைக் குறைகூறுவது பேதைமை. மொழியில் ஓரளவு தேர்ச்சி பெற்றபின் மாணவர் தினந்தோறும் புரட்டப்போவது அதைத்தான். ஆனால் அகராதியைக் கொண்டு மொழி கற்கப் புகுந்து, நாலு பக்கங்களுக்குள் மனம் சோர்ந்து, இம்மொழி நமக்கு எட்டாதது என்று தம்மையே குறைத்து மதிப்பிட்டுக்கொண்டு திரும்பிவிடும் மாணவர் பலர். ஆகவே, ஒரு சிறு மொழியின் ஏடு கைக்குக் கிடைத்தவுடன், இது கற்பிக்க எழுந்ததா, குறிப்புப் பார்க்க எழுந்ததா என்ற வினாவையே முதலில் எழுப்பவேண்டும். முதல் அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் மாணவர் தம் கையால் ஏதேனும் ஒன்றைச் செய்து காட்டமுடியுமானால் அது முதல் வகை. சொற்களின் பட்டியலும் இலக்கண விதிகளும் எடுத்த எடுப்பிலேயே வருமானால் அது இரண்டாம் வகை.

பிராடி எழுதிய அரிச்சுவடி

ஃபோர்த்தைப் பொறுத்தவரை முதல் வகைக்கு உத்தமமான திருஷ்டாந்தம், லியோ பிராடி என்பவர் எழுதி 1981-இல் வெளிவந்த 'ஸ்டார்ட்டிங் ஃபோர்த்' என்னும் நூல். மூரும் ராதரும் தொடங்கிய அதே நிறுவனத்தில் பணிபுரிந்தவர் பிராடி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஃபோர்த் கற்க எங்கே தொடங்குவது என்று கேட்போருக்கு மூத்தவர்கள் இன்றும் சுட்டிக்காட்டுவது பெரும்பாலும் இந்த நூலையே. அதன் நீடித்த புகழுக்குரிய காரணங்களைக் கவனித்தால், எந்தச் சிறு மொழிக்கும் நல்ல ஆரம்ப நூலை இனங்காண்பதற்கான அளவுகோல் நமக்குக் கிடைத்துவிடும்.

முதல் அத்தியாயத்திலேயே, ஒரு நட்சத்திரக் குறியைத் திரையில் அச்சிடும் சொல்லை மாணவர் தாமே வகுக்கிறார். 42 என்ற எண்ணையும், எண்ணுக்குரிய எழுத்தை அச்சிடும் 'எமிட்' என்ற சொல்லையும் சேர்த்து ஒரு பெயரிட்டால் அது முடிந்தது. பிறகு அச்சொல்லைப் பலமுறை இயக்கும் இன்னொரு சொல், இடப்புறம் இடைவெளி விடும் ஒரு சொல், ஒற்றை நட்சத்திரம் உள்ள வரிக்கு ஒரு சொல், ஐந்து நட்சத்திரங்கள் உள்ள வரிக்கு ஒரு சொல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வகுத்துக்கொண்டே போய், இறுதியில் அவற்றையெல்லாம் இணைத்து, ஃபோர்த் என்ற பெயரின் முதலெழுத்தை நட்சத்திரங்களாலேயே பெரிதாக வரைந்துவிடுகிறார். சில வரிகளே கொண்ட இந்த அப்பியாசத்துக்குள், சிறு சொற்களால் பெருஞ்சொல்லை ஆக்கும் அம்மொழியின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அத்தத்துவத்தை ஆசிரியர் உபதேசிக்கவில்லை. மாணவரின் விரல்களே அதைக் கற்றுக்கொள்ளும்படி செய்துவிடுகிறார்.

கண்ணுக்குத் தெரியாத காரியங்களை அவர் சித்திரங்களால் காட்டுகிறார். தட்டெழுதிய வரியை வாசித்துச் சொல் சொல்லாகப் பிரிப்பவன் ஒருவன், அகராதியில் கண்ட சொல்லை நிறைவேற்றுபவன் ஒருவன், அகராதியில் இல்லாதது எண்ணாக இருக்குமோ என்று சோதிப்பவன் ஒருவன் என்று, மொழியின் உட்பகுதிகளை அவர் மனித உருவங்களாகவே வரைந்திருக்கிறார். குழந்தைப் புத்தகம் போலத் தோன்றும் அச்சித்திரங்கள் வெறும் அலங்காரம் அல்ல. தவறு நேரும்போது அது யாருடைய கையில் நேர்ந்தது என்று மாணவர் எண்ணிப் பார்க்க உதவும் சாதனங்கள் அவை. அத்தியாயத்தின் முடிவில் புதிய சொற்களின் தொகுப்பும், பயிற்சிக் கணக்குகளும் உண்டு. அக்கணக்குகளுக்கு விடைகளும் நூலிலேயே உள்ளன. ஆசிரியர் அருகில் இல்லாமல் தனியே கற்கும் மாணவருக்கு விடைகளின் அருமை சொல்லில் அடங்காது. தாம் செய்தது சரியா என்று கேட்டறிய ஒருவரும் இல்லாத இடத்தில், நூலே ஆசிரியராக நிற்கவேண்டியிருக்கிறது.

இவற்றிலிருந்து நாம் திரட்டிக்கொள்ளும் அளவுகோல் இது: முதற் சில பக்கங்களில் ஒரு பலன் கைகூடவேண்டும், தேவை தோன்றிய பிறகே கருவி வரவேண்டும், உள்ளே நிகழ்வதைப் பற்றிய ஒரு தெளிவான சித்திரம் மனத்தில் பதியவேண்டும், பயிற்சியும் அதற்கு விடையும் இருக்கவேண்டும். ஜூபிடர் ஏஸ் கம்ப்யூட்டரோடு ஸ்டீவன் விக்கர்ஸ் எழுதித் தந்த கையேட்டையும், லுவா என்ற பிரேஸில் நாட்டு மொழிக்கு அதனைப் படைத்தவர்களுள் ஒருவரான ரொபெர்த்தோ யெருசலிம்ஸ்கி எழுதிய நூலையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

காலமும் கிளைமொழியும்

நல்ல நூல் கிடைத்துவிட்டது என்பதோடு தேடல் முடிந்துவிடுவதில்லை. சிறு மொழிகளின் சிறந்த நூல்கள் பெரும்பாலும் பழையவை. மொழியோ, பழைய உருவில் நில்லாமல் மாறிக்கொண்டே வந்திருக்கும். 1978-இல் தோன்றிய ஃபோர்த் ஆர்வலர் சங்கத்தார் பல கம்ப்யூட்டர்களுக்குப் பரப்பிய ஃபிக்-ஃபோர்த், அதன் பின் வந்த ஃபோர்த்-79, ஃபோர்த்-83, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1994-இல் அங்கீகரித்த ஆன்ஸ் ஃபோர்த், அதை மேலும் விரித்த ஃபோர்த்-2012 என்று இம்மொழிக்குப் பல வடிவங்கள் உண்டு.

இவ்வேறுபாடுகள் சிறியனவாகத் தோன்றினாலும், ஆரம்ப மாணவரைத் தடுமாற வைக்கப் போதுமானவை. உண்மை என்ற விடையை ஃபோர்த்-79 என்பது 1 என்ற எண்ணால் குறித்தது. ஃபோர்த்-83 அதனை -1 என்று மாற்றியது. -7 என்பதை 2-ஆல் வகுத்தால் முன்னதில் விடை -3, பின்னதில் -4. ஃபிக்-ஃபோர்த்தில் ஒரு மாறியை வகுக்கும்போதே அதன் தொடக்க மதிப்பையும் கொடுக்கவேண்டும். பின்வந்த வடிவங்களில் அவ்வாறு கொடுத்தால், அந்த எண் எடுப்பாரின்றி அடுக்கிலேயே தங்கிவிடும். பழைய நூல்கள் எண்களின் எல்லை 32,767 என்று சொல்லும்; இன்றைய கம்ப்யூட்டரில் அந்த எல்லையைக் கடந்தும் ஒரு தவறும் நேராததைக் கண்டு, நூலை நம்புவதா இயந்திரத்தை நம்புவதா என்று மாணவர் மயங்குவார். பிராடியின் நூலில் மூன்றாம் அத்தியாயம், 1,024 பைட் கொண்ட கட்டங்களில் நிரலைச் சேமித்துத் திருத்தும் பழைய முறையை விவரிக்கிறது. சாதாரணக் கோப்புகளில் நிரல் எழுதும் இன்றைய மாணவர், அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கடந்து செல்வதில் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆகவே, நூலைத் தேர்ந்தெடுக்கும்போதே அது எந்த வடிவத்தைப் பற்றியது, தம் கம்ப்யூட்டரில் நிறுவியிருப்பது எந்த வடிவம் என்ற இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வது விவேகம். அதிருஷ்டவசமாக, 'ஸ்டார்ட்டிங் ஃபோர்த்' நூலின் புதுக்கிய பதிப்பை, இன்றைய தரத்துக்கு ஏற்பத் திருத்தி, ஃபோர்த் இன்கார்ப்பரேட்டட் நிறுவனத்தார் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். குனூ திட்டத்தைச் சேர்ந்த ஜிஃபோர்த் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால், அதனுடைய கையேட்டிலும் ஆரம்ப மாணவருக்கென்றே ஒரு பயிற்சிப் பகுதி உண்டு. ஒன்றையும் நிறுவாமலே தொடங்க விரும்புவோருக்கு, உலாவியிலேயே ஃபோர்த்தை இயக்கி, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் அடுக்கு எப்படி மாறுகிறது என்று கண்ணெதிரே காட்டும் 'ஈஸி ஃபோர்த்' என்ற சிறு நூலும் இணையத்தில் கிடைக்கிறது. முதலில் இதில் சில மணி நேரம் செலவழித்து, பின்னர் ஜிஃபோர்த்தை நிறுவிக்கொண்டு பிராடியின் நூலை வரிசையாகப் பயின்று, அதன் பிறகே தர நிர்ணய ஏட்டை அருகில் வைத்துக்கொள்வது சிலாக்கியமான கிரமம். நல்ல நிரலை எவ்வாறு சிந்தித்து வகுப்பது என்ற அடுத்த படிக்கு, பிராடியே 1984-இல் எழுதிய 'திங்கிங் ஃபோர்த்' காத்திருக்கிறது. அதுவும் இப்போது யாவரும் இலவசமாகப் படிக்கும் உரிமையோடு வழங்குகிறது.

மொழியே தன்னை விளக்கும் இடம்

நூல்கள் குறைவாக உள்ள மொழிகளில் மாணவர் பெரும்பாலும் கவனியாமல் விட்டுவிடும் ஒரு துணை உண்டு. அது அந்த மொழியின் உள்ளேயே இருக்கிறது. ஜிஃபோர்த்தில் 'வேர்ட்ஸ்' என்று தட்டினால், அகராதியில் உள்ள சொற்கள் யாவும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். 'ஸீ' என்று தட்டி அதன் பின் ஒரு சொல்லின் பெயரை இட்டால், அச்சொல் எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதையே மொழி எடுத்துக் காட்டும். புள்ளியும் எஸ் எழுத்தும் சேர்ந்த சிறு கட்டளையோ, அடுக்கில் இந்தக் கணத்தில் என்னென்ன உள்ளன என்பதை, அவற்றை எடுத்துவிடாமலே காட்டும். இந்த மூன்றையும் முதல் நாளே அறிந்துகொண்ட மாணவர், நூல் சொல்லாமல் விட்ட இடங்களில் இயந்திரத்தையே வினவித் தெளிவு பெறலாம். நூல் சொன்ன ஒவ்வொன்றையும் உடனே தட்டிப் பார்ப்பதும், விடை வேறாக வந்தால் அஞ்சாமல் அடுக்கைப் பார்த்துக் காரணத்தை ஆராய்வதும் பழக்கமாகிவிட்டால், குறையுள்ள நூலும் பெரும் பயன் தரும்.

ஏனைய சிறு மொழிகளிலும் இதற்கு நிகரான வசதி பெரும்பாலும் உண்டு. ஹாஸ்கெல் மொழியின் உரையாடல் சாளரத்தில் எந்தச் சொல்லின் வகையையும் கேட்டறியலாம். ஜே என்ற கணித மொழியோடு, அதனுள்ளேயே இயங்கும் படிப்படியான பாடங்கள் வருகின்றன. மொழியை நிறுவியவுடன், இது தன்னைப் பற்றித் தானே என்ன சொல்லக்கூடியது என்று விசாரிப்பது எல்லா மொழிகளுக்கும் பொருந்தும் நல்வழக்கம்.

யார் எழுதுகிறார்கள்?

ஆரம்ப நூல்களை எழுதியவர்கள் யார் என்று பார்த்தால், இத்தேடலின் மையமான ஓர் உண்மை புலப்படுகிறது. கிட் சிகரத்துத் தொலைநோக்கியில் ஃபோர்த் இயங்கத் தொடங்கிய நாளில் அம்மொழியை அறிந்தவர் உலகத்திலேயே மூர் ஒருவர்தான். அவரோ அங்கே நிரந்தரமாகத் தங்கியிருக்கவில்லை. அந்நிரல்களைப் பராமரிக்க வந்த எலிசபெத் ராதர், அம்மொழியில் நிரல் எழுதிய இரண்டாம் மனிதர். ஃபோர்த்தின் முதற் கையேட்டை எழுதியவரும் அவரே. படைத்தவருக்கு எல்லாம் வெளிப்படையாக இருந்தன. எது வெளிப்படையல்ல என்பது, அதைச் சிரமப்பட்டுக் கற்ற இரண்டாம் மனிதருக்கே தெரிந்தது. ஹாஸ்கெல் மொழிக்கு அறிஞர்கள் எழுதிய ஏடுகள் பல இருந்தும், ஆரம்ப மாணவரிடையே பெரும் புகழ் பெற்ற 'லர்ன் யூ எ ஹாஸ்கெல்' என்ற நூலை எழுதிய மிரான் லிபோவாச்சா, தம் அறிவை உறுதிப்படுத்திக்கொள்ளவும், புதிதாக வருவோருக்குத் தம் நோக்கிலிருந்து உதவவுமே அதை எழுதியதாகக் கூறுகிறார்.

படைத்தவர்கள் நல்ல ஆரம்ப நூலை எழுதவே முடியாது என்பது இதன் கருத்தன்று. லுவாவின் நூல் அதற்கு நேர்மாறான சாட்சி. ஆனால் அறியாமை எப்படியிருந்தது என்ற ஞாபகம் மறையாதவரே கற்பிக்க வல்லவர். அந்த ஞாபகம் பேரறிஞரிடம் முயற்சியால் காக்கப்படவேண்டியது, புதிதாகக் கற்றவரிடம் இயல்பாகவே இருப்பது. எனவே, நூல் தேடும் மாணவர் ஆசிரியரின் பட்டங்களையும் புகழையும் பார்ப்பதோடு நில்லாமல், தாம் எங்கே இடறுவோம் என்பதை இந்த ஆசிரியர் முன்கூட்டியே உணர்ந்திருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். ஒரு நூலில், இவ்விடத்தில் உங்களுக்கு இப்படி ஒரு பிழை வரக்கூடும், அதன் காரணம் இது என்ற முறையில் ஓரிடமேனும் எழுதப்பட்டிருக்குமானால், அந்நூலை நம்பிக் கையிலெடுக்கலாம்.

இந்த உண்மையிலிருந்தே மாணவருக்கு ஒரு கடமையும் பிறக்கிறது. பெருவழக்கான மொழிகளில் ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதாவிட்டால் குறை ஒன்றும் நேராது. சிறு மொழியிலோ எழுதக்கூடியவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. அவர்களிலும் ஆரம்ப நிலையின் சிரமங்களை இன்னும் மறவாதவர் ஓரிருவரே. கற்கும்போதே, எந்த வாக்கியம் விளங்கவில்லை, எந்தப் பிழைச் செய்தி திகைக்கவைத்தது, எந்த விளக்கம் இறுதியில் கண்ணைத் திறந்தது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஒருவாறு தேர்ச்சி பெற்றதும் அவற்றை ஒழுங்குபடுத்தி வெளியிடுவாரானால், அதுவே அடுத்தவருக்கு அரிச்சுவடியாகும். தமிழில் எழுத முன்வருவோருக்கு ஃபோர்த் ஒரு பிரத்தியேக அநுகூலத்தையும் தருகிறது: ஜிஃபோர்த்தில் புதிய சொல்லுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாம், சொல்லின் ஒழுங்கும் நம் வாக்கியத்தின் ஒழுங்கோடு பெரிதும் இசைகிறது. தமிழ் வரிசையை ஆதாரமாகக் கொண்டு, அடுக்கைத் தமிழிலேயே விளக்கி, பயிற்சிகளும் விடைகளும் சேர்த்து எழுதப்படும் ஒரு நூல், ஆங்கில நூல்களின் பிரதியாக இராமல், அவற்றில் இல்லாத ஒரு விளக்கத்தையே வழங்கும்.

தர நிர்ணய ஏடுகளைக் குழுக்கள் கூடி வகுக்கின்றன. நல்ல அரிச்சுவடியோ, தாம் கற்றபோது பட்ட சிரமம் அடுத்தவருக்கு வேண்டாம் என்று கருதும் ஒரு தனிமனிதரின் பரிவிலிருந்தே பிறக்கிறது. அதைத் தேடிப் பயன்பெற்ற மாணவர், தாம் கற்றதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாராயின், அவர் கற்ற மொழி எத்தனை சிறியதாயினும் அதற்கு வாரிசுகள் இல்லாமற் போகாது.